கோட்டை கட்டியவர்கள் கோட்டை விட்ட கதை

பழவேற்காட்டுக்கு நீங்கள் போனால் நண்டுக்குத்தான் போவீர்கள், தெரியும். டச்சுக்காரர்கள் போனது துணிக்கு. 1613ல் கெல்ட்ரியா என்று ஒரு கோட்டையே கட்டி, மூட்டை மூட்டையாகப் பர்ச்சேஸ் செய்தார்கள். விட்டு விட்டு இரண்டு நூற்றாண்டு! ரங்கநாதன் தெருவில் மூன்று மணி நேரம் நின்றதையே நாம் வீரக்கதையாகச் சொல்கிறோம்.

துணியை விட்டுச் செடியைப் பார்த்த துரையும் ஒருவர் உண்டு. கொச்சியை ஆண்ட ஹென்ட்ரிக் வான் ரீட். 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' என்று 12 தொகுதி. மூலிகை ரகசியம் சொன்னவர் வைத்தியர் இட்டி அச்சுதன். அட்டையில் பெயர் துரையுடையது. (பிஎச்டி செய்தவர்களுக்கு இது புரியும்.) பத்தாம் தொகுதியில் கஞ்சாவுக்கு இரண்டு படம். இவ்வளவு ரசனையுள்ள மனிதர் பழவேற்காட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? சோழமண்டலத் தலைமையகத்தையே நாகப்பட்டினத்துக்கு டிரான்ஸ்ஃபர் அடித்துவிட்டார்!

1691ல் கப்பலிலேயே காலமானார். சூரத்தில் அவர் கல்லறை கிட்டத்தட்ட ஒரு கல்யாண மண்டபம். அங்கே இங்கிலீஷ்காரன் கல்லறை ஏற்கனவே பெரிதாக நின்றதே, விடுவார்களா?

செடிக்கு வருவோம். கஞ்சா பூப்பது இரவின் நீளத்தைப் பார்த்து. நம் பக்கம் வருஷம் முழுக்கப் பகல் பெரிதாக மாறுவதில்லை, அவசரப்படுத்த ஆளில்லை. பழவேற்காட்டு மீனவர் 'பாடு' முறையில் தன் நாள் வரும்வரை காத்திருந்து வலை விடுகிறாரே, அந்தப் பொறுமை. தென்னாட்டு ரகம் பூத்து முடிக்கவே மூன்று மாதத்தைத் தாண்டும். மெகா சீரியல்! ஆப்கான் மலைச் செடியோ பனிக்கு முன் முடித்தாக வேண்டும். எட்டு வாரம், சுபம்.

1785ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க், சொன்னெரா என்ற பயணி இந்தியாவிலிருந்து அனுப்பிய ஒல்லி இலைச் செடிக்கு 'இண்டிகா' என்று பெயர் வைத்தார். இன்று வெளிநாட்டு விதைக் கடையில் இண்டிகா கேட்டால் அகல இலை ஆப்கானைத்தான் நீட்டுவார்கள். நம் ஆளின் ஆதார் கார்டில் வேறொருவர் போட்டோ!

செடியைக் கோட்டை விட்ட டச்சு நாட்டுக்கு 1980களில் ஞானோதயம். நெவில் ஷூன்மேக்கர்ஸ் என்ற ஆஸ்திரேலியர் அங்கே விதைக் கம்பெனி தொடங்கினார். கையில் 'ஹேஸ்' ரகம். அதன் ஜாதகத்தில் கொலம்பியா, மெக்சிகோ, தாய்லாந்தோடு தென்னிந்தியாவும் உண்டு என்பார்கள் விதை வியாபாரிகள். கல்யாணத் தரகர் காட்டும் ஜாதகத்தை எவ்வளவு நம்புவீர்களோ, அவ்வளவு நம்புங்கள். தொல்லை என்னவென்றால், டச்சுக் கோடையில் பகல் முடிவதே இல்லை. நம் சோம்பேறி பூக்க நினைக்கும்போது குளிர் வந்துவிடும். எனவே 'நார்தர்ன் லைட்ஸ்' என்ற அவசரக்காரனோடு கலப்பு மணம். குணம் ஒருவருடையது, கடிகாரம் மற்றவருடையது. இன்றைய பல கலப்பினங்களுக்கு ஹேஸ் தாத்தா முறை.

இதைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் தொட்டி வைத்துவிடாதீர்கள்; நம் சட்டத்தில் 10 ஆண்டு வரை கடுங்காவல். பழவேற்காடு போங்கள், நண்டு வாங்குங்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் எட்டிப் பாருங்கள். வாசலில் உங்களை வரவேற்க இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.