எண்ணெயை எரிக்காதீங்க!

‘பெட்ரோலியத்தை எரிக்காதீர்கள், அணுசக்திக்கும் சூரிய ஒளிக்கும் மாறுங்கள்’ என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே லெக்சர் அடித்தவர் யார் தெரியுமா? சுற்றுச்சூழல் போராளியா? அட போங்க சார். எண்ணெய் விற்றுக்கொண்டிருந்த ஈரான் மன்னர் முகமது ரெஸா ஷா!

1973 டிசம்பர், டெஹ்ரான். பேரலுக்கு 5.12 டாலராக இருந்த விலை 11.65 ஆனது. அறிவித்த கையோடு ஷா அட்வைஸையும் அவிழ்த்துவிட்டார்: எண்ணெய் உயர்ந்த சரக்கு, அதைப் போய் வீட்டைச் சூடாக்க எரிப்பதா? பணக்கார நாடுகள் இனி வயிற்றைக் கட்டி, கொஞ்சம் உழைக்கட்டும். பில்லை இரட்டிப்பாக்கிவிட்டு டயட் டிப்ஸும் கொடுத்த ஓட்டல் முதலாளி!

அவருக்கும் பெரிய கனவுகள். 23,000 மெகாவாட் அணுமின் திட்டம் ஒன்று. ஐந்தாண்டுத் திட்டச் செலவோ ஒரே மூச்சில் கிட்டத்தட்ட இருமடங்கு. ‘நாடு தாங்காது’ என்று அதிகாரிகள் மென்று விழுங்கிச் சொன்னார்கள். மன்னர் காதில் பணம் எண்ணுகிற சத்தம்தான் விழுந்தது.

சாமான்கள் கப்பல் கப்பலாக வந்தன. கோரம்ஷர் துறைமுகத்தில் இறக்க இடமில்லை. மாதக்கணக்கில் கடலில் தவம்; டெமரேஜ் என்ற தாமதக் கட்டணமே கோடிக்கணக்கான டாலர். ஏற்றிப் போக லாரிகள்? வாங்கியாச்சு. டிரைவர்? அடடா, அதை யாரும் யோசிக்கலையே! கொரியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆள் பிடித்தார்கள்.

1975ல் நாட்டுக்கே ஒரே கட்சி. சேரப் பிடிக்காதவர்கள் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றார் ஷா. என்ன பெருந்தன்மை!

இதற்குள் மேலை நாடுகள் ஒரு விபரீதம் செய்தன. ஷாவின் அட்வைஸைக் கேட்டுவிட்டன! பிரான்ஸ் வரிசையாக அணு உலை கட்டியது. அமெரிக்கா கார் மைலேஜுக்குச் சட்டம் போட்டது. போதாக்குறைக்கு 1976 கடைசியில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் பெரும்பாலான நாடுகள் விலையை 10 சதவீதம் ஏற்ற, சவூதி 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டது. வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். கவனியுங்கள், கிணறு வற்றவில்லை, விலை சரியவில்லை. வரவு கொஞ்சம் தடுக்கியது, அவ்வளவுதான். வாயை அடைக்கப் பணம் தவிர வேறெதுவும் கைவசம் இல்லாத சிம்மாசனம் அதற்கே ஆடிவிட்டது.

1977 கோடையில் டெஹ்ரானில் பவர் கட்! அந்த 23,000-ல் ஒரு மெகாவாட் கூட வரவில்லை. அந்தத் திட்டத்தில் கட்டத் தொடங்கிய புஷேர் உலையின் மின்சாரம் வந்ததே 2011ல், ரஷ்யர்கள் தயவில். புதுப் பிரதமர் சிக்கனம் என்று மதகுருமார்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தில் கை வைத்தார். கை வைக்க இடமா கிடைக்கவில்லை?

மன்னருக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1978 அக்டோபரில் எண்ணெய்த் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். 1979 ஜனவரி 16 அன்று, கட்சி பிடிக்காதவர்களுக்குச் சொன்ன வழியில் ஷாவே கிளம்பினார். விமானத்தை ஓட்டியதும் அவரேதான். அதற்கு மட்டும் டிரைவர் தட்டுப்பாடு இல்லை.