முஸ்தபாவுக்கு எத்தனை கிகாஹெர்ட்ஸ்?

ஆய்வென்றால் பொருள், களம், முறை மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வழிகாட்டி கையெழுத்துப் போடமாட்டார். இந்த ஆய்வுக்கு வழிகாட்டியே கிடையாது. ஆனாலும் பயம் விடவில்லை.

பொருள், 1993-ல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்ற ஆர்கேட் விளையாட்டு. இந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் விழிப்பார்கள். ‘முஸ்தபா கேம்’ என்று சொல்லிப் பாருங்கள், நாற்பதைத் தொட்ட ஆண்களின் முகம் மலரும். ஆட்டத்தில் தேர்ந்துகொள்ள நான்கு பேர் உண்டு. கதைப்படி நாயகன் ஜாக். ஆனால் வீடியோ கேம் கடையில் காசு போட்டவர்கள் ஜாக்கைப் பெரிதாக மதித்ததில்லை. முஸ்தபா கெய்ரோ மற்றவர்களைவிட வேகமானவர். ஓடி வந்து உதைப்பார். அதனால் அவர் பெயரே ஆட்டத்துக்கும் பட்டா ஆகிவிட்டது. 1996-ல் ‘காதல் தேசம்’ வந்து முஸ்தபா பாட்டு டீக்கடை டீக்கடையாக ஒலித்தபோது, அது இந்த விளையாட்டைப் பற்றிய பாட்டு என்று நம்பிய பையன்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

களம், ஹனூர். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்கள் கடக்கிற ஊர். இப்போது சாமராஜநகர் மாவட்டம். 1997 வரை மைசூர் மாவட்டம். 1956-ல் மாநில எல்லைகளைத் திருத்தும் வரை கொள்ளேகால் வட்டத்தோடு சேர்ந்து கோயம்புத்தூர் மாவட்டம். ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. உடம்பை மட்டும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. கூடுவிட்டுக் கூடு பாய்தலைப் பற்றி ஆராய இதைவிடத் தோதான களம் கிடைக்காது. பக்கத்துக் கொள்ளேகாலுக்கு இத்தகைய வித்தைகளில் தமிழ்நாடு முழுக்க இருக்கும் கியாதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எமுலேஷன் என்பது அந்த வித்தைதான். காப்காமின் பழைய பலகை செத்துப் பல வருஷம் ஆகிறது. அதன் உயிர், அதாவது ரோம் சில்லுகளில் இருந்த நிரல், வேறொரு கம்ப்யூட்டரின் உடம்புக்குள் புகுந்து, தான் இன்னமும் 1993-ல் இருப்பதாகவே நினைத்து ஓடுகிறது. இதற்கான மந்திரத்தை இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் ‘மேம்’ என்ற பெயரில் வெளியிட்டார். ஏமாற்று வேலை எவ்வளவு முழுமை என்றால், கீபோர்டில் 5-ஐ அழுத்தினால் காசு விழுந்ததாக ஆட்டம் நம்பிவிடுகிறது. கல்லாவுக்கு வராத அந்தக் காசை மேம் ஒழுங்காகக் கணக்கெழுதியும் வைக்கிறது. வருமான வரிக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

திருமூலர் மூலன் என்ற இடையனின் உடம்பில் புகுந்தபோது ஆளுக்கு ஆள் சரியாக இருந்தது. இங்கே அப்படி இல்லை. புகுகிற உடம்பு பழைய உடம்பைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தாக வேண்டும். எத்தனை மடங்கு என்பதுதான் ஆய்வுச் சிக்கல்.

சிக்கல் எழுந்த இடம் ஒரு செல்போன் பழுதுக் கடையின் பின்னறை. அங்கே பிளைவுட்டில் அறைந்த ஒரு கேம் பெட்டி இருக்கிறது. உள்ளே ராஸ்பெர்ரி பை 3. உள்ளங்கையில் அடங்கும் பச்சைப் பலகை. முஸ்தபா உதைக்கக் காலைத் தூக்கினால், யோசித்துவிட்டு இறக்குகிறார். பாட்டு இழுக்கிறது. “அண்ணா, இதுல பவர் பத்தல. ஐ ஃபைவ் போட்டாதான் ஓடும்” என்றார் கடைக்காரத் தம்பி. “ஐ செவனே போட்ரு” என்றார் டெம்போ ஓட்டும் நண்பர். செலவு அவருடையதல்ல.

முறை, முதலில் கணக்கு, பிறகு களத்தில் பார்ப்பது. காப்காம் பலகையின் மூளை மோட்டோரோலா 68000. வேகம் 12 மெகாஹெர்ட்ஸ். ஒலிக்கு ஒரு இசட் 80-யும் க்யூசவுண்ட் சில்லும். படம் 384-க்கு 224 புள்ளி. இன்றைய போனில் ஒரு ஐகானை ஊதிப் பெரிதாக்கினால் அவ்வளவு இருக்கும். பை 3-ன் வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸ். சரியாக நூறு மடங்கு. கோர்களோ நான்கு. நூறு மடங்கு பெரிய உடம்பில் புகுந்தும் உயிர் மூச்சு வாங்குகிறதென்றால் குற்றம் உடம்பில் இருக்க நியாயமில்லை. பின்னறை இதை ஏற்கவில்லை. ஆகவே ஒரு சூத்திரம் செய்ய வேண்டியதாயிற்று:

ஆடலும் ஒலியும் தடையற ஓடின்
கூடிய திறனெலாம் மிகையென மொழிப.

இஃது எவ்வளவு திறன் போதும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. ‘மொழிப’ என்றமையான் சொன்னவர் பிறர் என்பதும், அடி விழுந்தால் ஆசிரியர் பொறுப்பல்லர் என்பதும் பெற்றாம்.

‘நூறு மடங்கு ஏன், பத்து போதாதா?’ எனின், போதாது. 68000-க்கு ஓர் ஆணை என்பது ஓர் ஆணை. நடிக்கிற கம்ப்யூட்டருக்கோ அதைப் படிக்க, பொருள் பிரிக்க, செய்ய, கொடிகளைச் சரிபார்க்க என்று ஏகப்பட்ட ஆணைகள். நடுவில் ஒலிச் சில்லு எங்கே இருக்கிறது, படம் எந்த வரியில் வருகிறது என்று எட்டிப் பார்க்கவும் வேண்டும். எவ்வளவு அடிக்கடி எட்டிப் பார்க்கிறோமோ அவ்வளவு உண்மை, அவ்வளவு செலவு. 3.58 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாத சூப்பர் நிண்டெண்டோவை அணு பிசகாமல் நடிக்க 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் கேட்கும் என்று பி.எஸ்.நெஸ் எமுலேட்டரை எழுதியவர் 2011-ல் வாதாடினார். எண்ணூறு மடங்குக்கும் மேல். அவர் கேட்டது பக்தியின் விலை. பின்னறைப் பெட்டிகளில் ஓடுவது பெரும்பாலும் 2003-ஆம் வருஷத்து மேமின் ஒட்டுக்கிளை. துல்லியத்தில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும், அதனால் இலேசு. முஸ்தபா ரசிகர்களுக்கு அது தாராளம்.

பழசு என்றால் இலேசு என்பார் மதம் ஒன்று உண்டு. அதை மறுப்பதுதான் இந்த ஆய்வின் பெருமைமிகு பகுதி. 1980-ன் பேக்மேன் இன்றைய எந்த டப்பாவிலும் ஓடும். அதைவிட எட்டு வருஷம் மூத்த ‘பாங்’, இரண்டு மட்டையும் ஒரு பந்துமாக வீடியோ கேம்களின் அரிச்சுவடி போன்ற ஆட்டம், மேமில் பேக்மேனைவிடப் பல மடங்கு கனம். காரணம் தத்துவ வகைப்பட்டது. 1972-ல் அட்டாரி செய்த பாங் பலகையில் பிராசஸரே இல்லை, நிரலும் இல்லை. சில்லுகளும் கம்பிகளும் சேர்ந்த சுற்றே ஆட்டம். உடம்புக்கு வேறாக உயிர் என்று ஒன்று இல்லை என்ற உலோகாயதன் அதைப் பார்த்திருந்தால் அப்படியே கும்பிட்டிருப்பான். எடுத்துப் புகுத்த உயிர் இல்லாததால் மேம் அந்தச் சுற்றையே, மின்சாரம் எந்தக் கம்பியில் எப்போது ஏறி இறங்குகிறது என்பதையே, கணக்குப் போட்டு நடிக்க வேண்டியிருக்கிறது. ‘எனக்குப் பாங் மட்டும் போதும்’ என்று அடக்கமாகச் சொல்பவருக்குத்தான் பெரிய பெட்டி வேண்டும். அடக்கம் விலை கூடிய குணம்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடிக்கலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர், மெட்டல் ஸ்லக், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் வரைக்கும் பை 3 போதும். 1994-ன் கில்லர் இன்ஸ்டிங்ட் 100 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் ஹார்டு டிஸ்க்கும் கொண்டு வந்த முரடன். அங்கே பை 3 திணறும், 2019-ல் வந்த பை 4-க்குத் தாவலாம். அதற்கும் மேலே முப்பரிமாணக் கார்ப் பந்தயம் வேண்டுமானால் மினி பிசி. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில், கம்பெனிகள் கழித்துக் கட்டிய டெல், லெனோவா, எச்.பி. குட்டிப் பெட்டிகள் கிடைக்கும். புதுசு வேண்டுமென்றால் 2023-ல் வந்த இன்டெல் என் 100 போட்ட பெட்டி. 6 வாட் சில்லு, 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். எதை வாங்கினாலும் கோர் எத்தனை என்று எண்ணாதீர்கள். மேம் பெரும்பாலும் ஒரே கோரைத்தான் நம்புகிறது. மற்றவை கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழர்கள்.

இனி களத்தில் கண்டது. பின்னறைப் பெட்டியின் திரையில், வலது மேல் மூலையில், ஒரு மஞ்சள் மின்னல் குறி அவ்வப்போது மின்னிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, “முஸ்தபாவுக்குப் பவர் ஏறுதுண்ணா” என்றார் தம்பி. வாடிக்கைப் பையன்கள் அந்த மின்னல் வரும்போது உதைத்தால் அடி பலமாக விழும் என்று ஒரு சாஸ்திரமே வகுத்திருந்தார்கள்.

உண்மையில் அது பை போடும் ஓலம். வரும் மின்சாரம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்த மின்னலைக் காட்டிவிட்டு, தற்காப்புக்காக வேகத்தை 600 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ளும். பை 3 கேட்பது 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர். பெட்டியின் முதுகைக் கழற்றினால், யாரோ எப்போதோ விட்டுப்போன 1 ஆம்பியர் போன் சார்ஜர். அதிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு நீள ஒயர். செல்போன் பழுதுக் கடையில் சார்ஜருக்கா பஞ்சம்? இருந்தது. விற்பனைக்கு இருந்தது.

நல்ல அடாப்டர் மாட்டியதும் மின்னல் போயிற்று. முஸ்தபா யோசிப்பதை நிறுத்தினார். பவர் போய்விட்டதாகப் பையன்கள் கொஞ்ச நாள் குறைப்பட்டார்கள். டிவியில் ‘கேம் மோடு’ போட்டபின் பட்டனுக்கும் உதைக்கும் இடையே இருந்த மிச்சத் தாமதமும் குறைந்தது.

ஆனாலும் பெட்டியை மாற்றத்தான் வேண்டும் என்பது இந்த ஆய்வின் முடிவு. காரணம் வேகமல்ல. பை தன் பிராணனை மெமரி கார்டில் வைத்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுப்போக வாய்ப்புண்டு. எங்கள் ஊரில் கரண்ட் முன்னறிவிப்போடு போவதில்லை. எஸ்.எஸ்.டி. உள்ள பழைய மினி பிசி ஒன்றும், சின்ன யு.பி.எஸ். ஒன்றும் போதும், ஐ செவன் வேண்டாம்.

வாசகர்களில் யாராவது பெட்டியை மாற்றும் எண்ணத்தோடு பெங்களூர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தால் ஒரு வேண்டுகோள். முதலில் திரையின் வலது மேல் மூலையைப் பாருங்கள். மின்னல் தெரிந்தால் சார்ஜரை மாற்றுங்கள். பஸ் நாளைக்கும் உண்டு.