ஒத்த வண்டி வராதுங்ணா

ஊருக்கு ஒருத்தராவது இப்படி இருப்பார். வாரநாளில் ஆடிட்டர், பல் டாக்டர், பம்ப் கம்பெனி மேனேஜர் என்று ஏதோ ஒரு கௌரவமான உத்தியோகம். ஞாயிறு விடிவதற்கு முன் கிளிப்பச்சை ஜெர்சியும் ஹெல்மெட்டுமாகப் பேரூர் டீக்கடை முன்னால் நிற்பார். சைக்கிள் என்ன விலை என்று கேட்டால் பாதி விலையைத்தான் சொல்வார். வீட்டில் சொல்லி வைத்திருப்பதும் அந்தப் பாதியைத்தான். டீ வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுவார். "புது ரூட் ஒண்ணு புடிச்சு வெச்சிருக்கேன். ஒத்த வண்டி வராதுங்ணா."

நான் குறிப்பாக யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. வடவள்ளிப் பக்கம் வீடு, வலது முழங்காலில் பட்டை, பேச்சுக்குப் பேச்சு "ங்ணா" என்று யாராவது இருந்தால் அவர்களாகப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

கோவைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை அதிகம். பேரூர் தாண்டி மாதம்பட்டி, ஆலாந்துறை என்று மேற்கே மிதித்தால் இரண்டு பக்கமும் தென்னை, பாக்கு, வாழை. எதிரே வெள்ளியங்கிரி மலை. பூண்டிக்குப் போகிற கார்க் கூட்டமெல்லாம் இருட்டுப்பள்ளத்தில் வலது பக்கம் திரும்பிவிடும். சாடிவயலுக்குப் போகிற ரோட்டில் அதற்கப்புறம் மயில்தான் குறுக்கே வரும். தொண்டாமுத்தூரிலிருந்து நரசீபுரம் போகிற ரோட்டில் சின்ன வெங்காயம் அறுவடை நேரத்தில் போனால் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் வாசனை போகாது. தெற்கே ஆனைமலை, சேத்துமடை பக்கம் புளியமர நிழல். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போர்டு. இவ்வளவு இருக்கிற ஊரில் அமைதியான ரோட்டைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஆனால் நம்மவருக்கு அமைதி கிடைத்தால் மட்டும் போதாது. அதைக் கணக்குப் போட்டு நிரூபித்தாக வேண்டும்.

அதனால் வண்டி எண்ணுவார்.

மாதம்பட்டி தாண்டியதும் ஆரம்பமாகும். எதிரே ஒரு கார் வந்தால் "ஒண்ணு!" என்று கத்துவார். மனதுக்குள் எண்ணிக்கொள்ளலாம்தான், ஆனால் சாட்சி வேண்டுமே. பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து விரலையும் தூக்கிக் காட்டுவார். வரிசையாகப் போகிற சைக்கிள்காரர்களுக்கு ஒரு சைகை பாஷை உண்டு. முன்னால் போகிறவர் கையைக் கீழே காட்டினால் குழி, மேலே தூக்கினால் நிறுத்து. இவர் "மூணு" என்று மூன்று விரலைத் தூக்குவார்; பின்னால் நாலு பேர் பிரேக்கைப் பிடிப்போம்; நாலாவது ஆள் மூன்றாவது ஆளின் பின்சக்கரத்தில் முத்தம் கொடுப்பார். இவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். அரை பர்லாங் தள்ளித்தான் திரும்பிப் பார்த்து, "ஏனுங்ணா நின்னுட்டீங்க?" என்பார்.

எண்ணுவதோடு விட்டாலும் பரவாயில்லை. எது வண்டி, எது வண்டியில்லை என்று தனிச் சட்டம் வைத்திருக்கிறார். டிராக்டர் வண்டியில் சேராது. "அது விவசாயமுங்ணா." பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற டிவிஎஸ் எக்ஸெல்லும் சேராது, அது பால். அதே எக்ஸெல்லில் சோளத்தட்டுக் கட்டு வந்தால் அது மாட்டுத்தீவனம். டவுன் பஸ் டைமுக்கு வருவது, வந்துதான் ஆக வேண்டும், ஆகவே தள்ளுபடி. ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று எங்களை மண்ணில் இறக்கிவிட்டுப் புழுதியோடு போனபோது, இதையாவது சேர்ப்பார் என்று பார்த்தேன். "அது வழி தெரியாம வந்துருச்சுங்ணா" என்றார். வழி தெரியாமல் அடுத்தடுத்து மூன்று வந்தன.

மிச்சம் இருப்பது கார்தான். அதிலும் உள்ளூர் நம்பருக்குச் சலுகை உண்டு. "நம்ம ஊரு வண்டி, தோட்டத்துக்குப் போறாங்க." சென்னை, பெங்களூரு நம்பர் பிளேட் வந்தால் மட்டும் முகம் கறுக்கும். அதை ஒன்று என்று எண்ணுவதா, இரண்டு என்று எண்ணுவதா என்று யோசிப்பார்.

ஆடி மாதத்தில் சட்டத்தில் இன்னொரு திருத்தம் சேரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று அப்போது உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ஆளையே தள்ளும். அந்தப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. மேற்கு பார்த்து மிதித்தால் கீழ் கியரில் போட்டும் சைக்கிள் நகராது. காதில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் ஏறாது. பின்னாலிருந்து வந்து உரசிக்கொண்டு போன வண்டியை ஏன் எண்ணவில்லை என்று கேட்டேன். "சத்தம் கேக்கலீங்களே" என்றார். காதில் விழாத வண்டி வராத வண்டி.

இப்படியாக வீடு திரும்பும்போது மொத்தம் ஏழு என்று தீர்ப்பு வரும். என் கணக்கில் எத்தனை என்று கேட்காதீர்கள். கைவிரல் போதவில்லை, கால்விரல் பெடலில் இருந்தது.

மற்ற குணங்களைச் சொல்லி மாளாது. பைபாஸைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி விலகுவார். 200 கிலோமீட்டர் ப்ரெவே என்கிற நெடுந்தூர சைக்கிள் பயணத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தெரிந்தும், நாலு வழிச்சாலையைத் தவிர்க்க வாய்க்கால் மேட்டில் இறங்கி, சீமைக்கருவேல முள் ஏறி, ஊர் சைக்கிள் கடைப் பம்பு இவருடைய ஒல்லி வால்வில் மாட்டாமல் உட்கார்ந்திருப்பார். ஏற்றத்தை ஏற்றம் என்று ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை.

ஆனாலும் மனுஷர் தங்கம். கடைசியில் திணறிக்கொண்டு வருகிறவருக்காகத் திரும்பி வந்து கூடவே மிதிப்பார். ஆலாந்துறையில் டீக்காசை யாரையும் கொடுக்க விடமாட்டார். கடைக்கார அம்மாவின் பேத்தி எந்தக் காலேஜில் சேர்ந்தாள் என்பது வரை தெரியும். இவர் படித்த காலத்தில் அவிநாசி ரோட்டில்தான் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனாராம். இன்றைக்கு அந்த ரோட்டின் தலைக்கு மேல் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் ஓடுகிறது. கீழே சைக்கிளில் போகிறவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஒரு நாள் வடையைப் பிட்டுக்கொண்டே, "அன்னிக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லீங்ணா" என்றார். அன்றைக்கு நான் கிண்டல் பண்ணவில்லை.

ஆனால் இரண்டு விஷயத்தில் அவரோடு எனக்குத் தகராறுதான்.

முதலாவது, "யார்கிட்டயும் சொல்லிராதீங்ணா" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வது. இது போதாதென்று அன்று மாலையே ஸ்ட்ராவா ஆப்பில் மேப், வாட்ஸாப் குரூப்பில் வீடியோ. வீடியோவில் ரோடு அமைதியாக இருக்கும். இவர் பேசிக்கொண்டே இருப்பார். அடுத்த மாதம் அதே ரோட்டில், கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போட்டபடி கார் நிற்கும். நம்பர் பிளேட்டைப் பார்த்து இவர் கொதிப்பார். வழி காட்டியது யாராம்?

இரண்டாவதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஏழு மணிக்கு மேல் வண்டி கூடுகிறது என்பதால் கணக்கைக் குறைக்கப் புறப்படும் நேரத்தை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறார். ஆறு மணி ஐந்தரையாகி, ஐந்தரை ஐந்தாகி, இப்போது நாலரை என்கிறார். அந்த நேரத்தில் சாடிவயல், நரசீபுரம் ரோடுகளில் வண்டி வராது, வாஸ்தவம். யானை வரும். ராத்திரி வாழைக்கும் சோளத்துக்கும் தோட்டத்தில் இறங்கிய கூட்டம் விடிவதற்குள் மலை ஏறுகிற நேரம் அது. அவ்வளவு பெரிய உடம்பு மெத்தென்ற பாதத்தில் நடந்து வந்தால் பத்தடியில் நின்றாலும் தெரியாது. சைக்கிளும் சத்தம் போடாத ஜாதி. மோட்டார் வண்டி என்றால் தூரத்திலேயே காதில் விழுந்து யானை ஒதுங்கிக்கொள்ளவாவது வழியுண்டு. வளைவில் திடீரென்று முகத்துக்கு நேரே டார்ச் வெளிச்சத்தோடு ஒரு ஆள் முளைத்தால் அது என்ன செய்யும்? கோவை மலையடிவாரத்தில் வருஷா வருஷம் யானையிடம் உயிர் போகிறது. பெரும்பாலும் தோட்ட வேலைக்காரர்களும் வாசலுக்கு வந்தவர்களும்தான். வேறு வழியில்லாமல் அங்கே இருப்பவர்கள்.

போன முறை ஒரு பெரியவர் பரணிலிருந்து இறங்கி வந்து எங்களை மறித்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். இடுப்பில் பட்டாசுப் பொட்டலம். "ஏனுங் தம்பி, இந்நேரத்துக்கு இக்கட்ட வரலாமுங்களா? இப்பத்தான் மூணு ஆனெ குட்டியோட ரோட்டத் தாண்டுச்சு. உங்குளுக்கு ஒண்ணுன்னா அதையத்தான் முடுக்குவாங்க, எங்களையத்தான் கேப்பாங்க" என்றார். நம்மவர் ஹெல்மெட்டைக் கழற்றி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து, "ஆனெ வண்டி இல்லீங்களே" என்றார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

அவர் திருந்துவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். மார்கழியில் கோவையில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் வரும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு காட்டோர ரோட்டில் சைக்கிளை இறக்குங்கள். அவர் நாலரைக்குக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் போனால் இருபது கார் வரும், வந்துவிட்டுப் போகட்டும்.