மின்கொடை வள்ளலின் மெய்க்கீர்த்தி

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் கொலுவீற்றிருக்கும் பெருந்தகையின் புகழைப் பாட அடியேனுக்கு நாவு ஒன்றுதான். அவர் திருக்கரத்துக் கைபேசிகளோ இரண்டு. ஆனாலும் ஆசை யாரை விட்டது?

இரவு பதினோரு மணி. கைபேசியில் எண்பத்தேழு விழுக்காடு சார்ஜ் இருக்கிறது. நம்மைப் போன்ற கல்நெஞ்சர் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். தாயுள்ளம் படைத்த அவரால் அது ஆகுமா? பதின்மூன்று விழுக்காடு பசியோடு ஒரு பிள்ளையைத் தூங்கவைப்பாரா? உடனே சார்ஜில் போடுகிறார். அரை மணியில் நூறு தொட்டுவிடும். தொடட்டுமே! விடியும்வரை ஊட்டிக்கொண்டே இருப்பதுதானே பாசம். நூறானதும் மின்னோட்டம் நின்றுவிடும், சற்றே இறங்கினால் மறுபடி ஏறும், இப்படி இராப்பொழுதெல்லாம் உச்ச மின்னழுத்தத்திலேயே நிற்கும் லித்தியம் அயனி பேட்டரி உள்ளுக்குள் சீக்கிரம் மூப்படையும் என்று வேதியியல் படித்த சிலர் புறங்கூறித் திரிகிறார்கள். இதற்கென்றே எண்பதில் நிறுத்திக்கொள்ளும் வசதியொன்றைப் பல கம்பெனிகள் கைபேசிக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அதை முதல் நாளே தேடிப்பிடித்து அணைத்துவைத்த கூர்மதி எம்பெருந்தகையுடையது. "நூறுக்குத்தானே காசு குடுத்தேன், எண்பதோட ஏன் நிறுத்தணும்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை எங்கள் மாடிப்படியில் எவருக்கும் பதில் கிடைக்கவில்லை.

ஏற்றிய கைபேசி எங்கே துயில்கிறது என்பதையும் சொல்லவேண்டும். தலையணைக்கு அடியில். மேலே ஒரு போர்வை நுனியும் உண்டு. மயிலுக்குக் குளிருமே என்று போர்வை ஈந்தான் பேகன். கொடைமடம் என்று அதைப் புலவருலகம் இன்னும் போற்றிக்கொண்டிருக்கிறது. மயிலாவது ஒருவேளை நடுங்கியிருக்கலாம். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு பொருளுக்கு, அந்தச் சூடு ஒரு துளியும் வெளியே சிந்திவிடாதபடி இலவம்பஞ்சும் போர்வையும் ஈந்த வள்ளல் எவர்? பேட்டரியின் ஆயுளைக் குடிக்கும் முதல் எதிரி சூடுதான் என்பது உண்மையாகவே இருக்கட்டும். எதிரியையும் அணைத்துப் படுக்கும் பண்பு எல்லோருக்கும் வாய்க்காது.

ஆடையணிகளிலும் குறையில்லை. திரைக்கு டெம்பர்டு கிளாஸ், அதன்மேல் இன்னொரு கிளாஸ், கேமராவுக்குத் தனிக் கண்ணாடி, முதுகில் விரல் நுழைக்க வளையம், இவை அனைத்தையும் சுற்றி உழவு மாட்டுத் தோல் தடிமனில் ஒரு பவுச். பவுச்சுக்கும் கைபேசிக்கும் நடுவே கடை ரசீதுகள், ஒரு குலதெய்வப் படம், மடித்த ஐந்நூறு ரூபாய். மேனியில் ஒரு கீறல் விழ விடமாட்டார். உள்ளே வெந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாத சமாசாரம். தெரியாததைப் பற்றிப் பெரியோர் கவலைப்படுவதில்லை.

கைபேசியோடு வந்த சார்ஜர் ஷோகேஸில் அட்டைப்பெட்டி கலையாமல் இருக்கிறது. விற்கும்போது விலை கூடும் என்பது கணக்கு. அன்றாடச் சேவைக்கு நடைபாதையில் நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கிய, பிஐஎஸ் முத்திரை என்ற ஆடம்பரம் எதுவுமில்லாத எளிய சார்ஜர். அதன் கேபிளை நேரில் தரிசிக்கும் பேறு அடியேனுக்குக் கிட்டியது. கழுத்தில் உறை கிழிந்து, உள்ளே செம்புக் கம்பி பொன்போல் மின்ன, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று. நேராகச் செருகினால் ஏறாது. சற்றே இடப்பக்கம் சாய்த்து, அந்தச் சாய்வு குலையாமல் மேலே ஊறுகாய்ப் பாட்டிலை வைக்கவேண்டும். பாட்டில் அசைந்தால் சார்ஜ் நிற்கும். எனவே வீட்டில் யாரும் அந்த மேசைப் பக்கம் பலமாக நடப்பதில்லை. குடும்பத்துக்கே அடக்கம் கற்பித்த கேபிள் அது.

மரபு காப்பதிலும் அவருக்கு நிகர் அவரே. ஞாயிறு தோறும் கைபேசிக்கு விரதம்: பூஜ்யத்துக்கு இறங்கித் தானே அணையும்வரை சார்ஜில் போடமாட்டார். முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்றவேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் ஆண்ட காலத்து நீதி. அவற்றுக்குப் பாதியில் ஏற்றினால் அந்தப் பாதியையே கொள்ளளவாகப் பழகிக்கொள்ளும் குணம் உண்டு என்பார்கள். 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அந்தக் குணம் கிடையாது. அடிமட்டம்வரை வற்றவிடுவதுதான் அதற்குக் கேடு. அந்த பேட்டரியை உருவாக்கியதற்காக 2019இல் ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ என்ற மூவருக்கு நோபல் பரிசும் கொடுத்துவிட்டார்கள். குட்இனஃப்புக்கு அப்போது வயது 97; நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர். பாவம், அந்த வயதுவரை ஆராய்ந்தும் அவருக்கு எட்டாத ஞானம் எம்பெருந்தகைக்கு மைத்துனரின் வாட்ஸ்அப்பில் ஒரே காலையில், ரோஜாப்பூ படத்தோடு, வந்து சேர்ந்தது.

பகலில் அவர் ஆட்சி இன்னும் விரிவானது. ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழுச் சுற்று ஏற்றி இறக்கிய பிறகும் எண்பது விழுக்காடு கொள்ளளவு நிற்கும்படி பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. நம் போன்றோர் அந்த ஐந்நூறைக் கருமிபோல் இரண்டு மூன்று ஆண்டுக்கு நீட்டுவோம். எம்பெருந்தகை ஒரே பகலில் இரண்டு சுற்றை வாரி இறைப்பார். திரையின் வெளிச்சம் எப்போதும் உச்சியில். பிள்ளைகள் இருவருக்கும் ஹாட்ஸ்பாட். பேட்டரியைக் காக்கவென்றே இறக்கிவைத்த மூன்று ஆப்கள், விளம்பரங்களை இடைவிடாது ஓட்டி அதைக் காத்துவருகின்றன. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திறந்திருக்கும் ஆப்களையெல்லாம் விரலால் மேலே தள்ளி வீசுவார். வீசியதை மறுபடி முதலிலிருந்து திறக்கக் கைபேசி கூடுதலாக உழைக்கும். உழைப்பின் அருமையைக் கருவிக்கும் உணர்த்தவேண்டாமா?

சித்திரை வெயிலில் அவர் ஸ்கூட்டரில் பவனி வரும் கோலம் கண்கொள்ளாக் காட்சி. ஹேண்டில்பாரின் பிடிமானத்தில் கைபேசி சூரியனைப் பார்த்தபடி, மேப் ஓட, வீட்டுக்குப் போகும் வழி காட்டும். பதினாறு வருடமாகப் போகும் அதே வீடு. அடையாறு பாலத்தில் ஒருநாள் திரை கறுத்து, சூடு மிகுந்துவிட்டது, ஆறவிடவும் என்று ஓர் அறிவிப்பு. வந்ததும் வராததுமாகக் கைபேசியை ஃப்ரீசரில் வைத்தார், நேற்றைய மீன் பொட்டலத்துக்கும் ஐஸ் தட்டுக்கும் இடையில். கால் மணியில் எடுத்தபோது கண்ணாடிக்குள் பனித்துளிகள் அரும்பியிருந்தன. துடைத்துவிட்டு, அப்படியே சார்ஜில் போட்டார்.

ரயிலிலோ அவர் தனி மன்னர். பெட்டியின் ஒரே உருப்படியான சார்ஜிங் பாயிண்ட் அவரை எப்படியோ கண்டுகொள்ளும். சார்ஜில் இருக்கும்போதே படம் பார்ப்பார். காதில் கருவி மாட்டுவது சுயநலம் என்று கருதுவதால் பெட்டி முழுவதற்கும் வசனம் கேட்கும். தீவிபத்துக்கு அஞ்சி இரவு 11 முதல் காலை 5 வரை அந்த பாயிண்டுகளுக்கு ரயில்வே மின்சாரத்தை நிறுத்துகிறது என்று ஒருமுறை டிடிஇ பணிவோடு விளக்கினார். எம்பெருந்தகை தம் பையிலிருந்து செங்கல் பரிமாணத்தில் ஒரு பவர் பேங்கை எடுத்து, அதையும் தலைமாட்டில் வைத்து உறங்கினார்.

இத்தனை அன்பையும் வாங்கிக்கொண்ட பேட்டரி பூரிக்காமல் என்ன செய்யும்? பூரித்தது. உள்ளே வாயு சேர்ந்து, கைபேசியின் பின்மூடி ஒரு பக்கம் விரற்கடை அளவு எழும்பி நின்றது. மேசையில் வைத்தால் பம்பரம்போல் சுழலும். தெருமுனை செல்போன் கடைப் பையன் அதைப் பார்த்ததுமே இரண்டடி பின்னால் நகர்ந்து, "சார், இதை இனிமே சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, குத்திடாதீங்க. இப்பவே மாத்திடலாம்" என்றான். 2016இல் பேட்டரிகள் தீப்பிடித்ததற்காகக் கேலக்ஸி நோட் 7 மாடலையே சாம்சங் நிறுவனம் உலகெங்கிலுமிருந்து திரும்பப் பெற்றது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இல்லாத நெஞ்சுரம் எம்பெருந்தகைக்கு உண்டு. கட்டைவிரலால் மூடியை அமுக்கிப் பார்த்தார். பால் பாக்கெட்டில் வந்த ரப்பர் பேண்டுகள் இரண்டை மேலும் கீழும் மாட்டினார். மாற்று பேட்டரிக்குப் பையன் சொன்ன விலையைக் கேட்டு முகம் சுளித்தவர், அன்று மாலையே நாற்பதாயிரத்துக்குப் புதுக் கைபேசி வாங்கிவந்தார்.

பழையதைக் குப்பையில் போடும் கொடுமனம் அவருக்கில்லை. ஊரில் தனியே இருக்கும் அம்மாவுக்கு, ரப்பர் பேண்டும் ஊறுகாய் வாசம் வீசும் அந்த கேபிளும் சேர்த்து, தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்.

"புதுசு மாதிரிதாம்மா இருக்கு. ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டு தலைகாணிக்குப் பக்கத்துலயே வெச்சுக்கோ. நான் கூப்பிட்டா எடுக்கணும்ல?"