பூனை–முயல்–கோழி முத்தரப்பு உறவு: செங்காங் அடுக்குமாடி வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே கூரையின்கீழ்ப் பூனையும் முயலும் கோழியும் பகையின்றி வாழ இயலுமா என்னும் வினாவுக்கு விலங்கியலார் பல்லையும் நகத்தையும் ஆராய்ந்து விடை தேடுவர். சிங்கப்பூரின் செங்காங்கிலோ பல்லுக்கு முன்பாகச் சட்டம் வந்து நிற்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் (இனி ‘வீவக வீடு’) 1989 முதல் பூனைக்குத் தடை இருந்தது, முயலுக்கு இல்லை. ஆகவே செங்காங்கின் ரிவர்வேல் வட்டார வீடொன்றில் இரண்டும் அக்காலத்தில் வாழ்ந்திருப்பின், அலமாரி உச்சியில் அதிகாரத்தோடு படுத்திருந்தது சட்டவிரோதக் குடியேறி என்றும், கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்ததே முறையான குடியிருப்பாளர் என்றும் கொள்ளவேண்டும். 2024 செப்டம்பர் 1 முதல், உரிமத்தோடும் நுண்சில்லோடும் (தோலுக்கடியில் செலுத்தப்படும் அரிசிமணி அளவிலான அடையாளச் சில்லு) இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம் என்றானபின், முயலுக்கு இருந்த அந்த ஒரே மேன்மையும் பறிபோயிற்று.

கோழியின் பாதுகாப்பு, ஒப்புநோக்க, முழுமையானது. வீவக வீட்டில் கோழி வளர்க்க அனுமதியே இல்லையாதலின், இல்லாத கோழியை எந்தப் பூனையும் கவ்விச் செல்லாது. புளோக்கின் கீழே தன்போக்கில் திரியும் கோழிக்கும் பூனையைவிடத் தன் குரலே பெரும்பகை: 2017இல் சின் மிங் வட்டாரத்தில் கூவல் சத்தம்பற்றிய முறையீடுகளுக்குப் பின் 24 கோழிகள் கொல்லப்பட்டதில் பூனை இனத்துக்கு யாதொரு பங்கும் இல்லை.

எஞ்சுவது முயல். தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் ஏறத்தாழச் சுற்றெல்லாம் காணும் இவ்வுயிருக்குத் தன் மூக்குக்கு நேர் முன்னே மட்டும் பார்வை எட்டுவதில்லை. பூனை நெருங்கி வந்து நலம் விசாரிப்பதோ துல்லியமாக அவ்விடத்தில்தான். பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா என்னும் நுண்ணுயிரி சிறு கடியின் வழியாகவே முயலின் உடலுக்குள் புகுந்து சீழ்வைக்கக்கூடும் என்பதோடு, கடியே படாமல் வெறும் அச்சத்தினாலேயே முயல் தீனியை மறந்து குடல்தேக்கத்துக்கு (குடலின் அசைவு நின்றுபோகும் ஆபத்தான நிலை) ஆளாவதும் உண்டு. எனவே முயலின் கூண்டுக்கு அறுகோணக் கண்களையுடைய கோழிவலை போதாது. அது கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பூனையின் கையை வெளியே நிறுத்தாது. அரையங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையே தகும், அதுவும் மேற்புறம் உட்பட. கூண்டின் கூரையைப் பூனை தனக்கென இடப்பட்ட மஞ்சமாகவே கருதும். பூனை கீழே விழாதிருக்கச் சன்னலை அடைத்துவைப்போர், 30 பாகை செல்சியஸைத் தாண்டும் நண்பகலில் வியர்க்கத் தெரியாத முயலை வேகவைக்கின்றனர். ஆதலால் சன்னலுக்கும் வலையே உரியது. இவ்விரு வலைகளுக்கும் நடுவே நின்று, ஒரு கையால் கீரையும் மறுகையால் மீனும் நீட்டும் வீட்டுக்காரரைத்தான் ‘பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்’ என்று முன்னோர் குறித்தனர் போலும்.

எனினும், வளர்ந்த முயல் ஆளும் வீட்டுக்குப் பூனை குட்டியாக வந்துசேருமிடத்து நிலைமை தலைகீழாவதுண்டு. முயல் பின்னங்காலால் தரையை அறைந்து, பூனையைச் சோபாவிலிருந்தே துரத்திவிடும். அவ்வாறு இடம்பெயர்ந்த பூனைக்கு எந்த அளவுக் கண்ணுள்ள கூண்டு தேவை என்பதுபற்றி விதிகள் இன்னும் வாய்திறக்கவில்லை.