திருப்பி அடிக்கச் சொல்லலாமா?

கே: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகனை ஒரு பையன் தினமும் கிள்ளுகிறான், தள்ளுகிறான். "நீயும் திருப்பி அடி" என்கிறார் என் கணவர். அப்படிச் சொல்லலாமா?
– ஒரு தாய், விருதுநகர்

ப: வேண்டாம். அடிக்கிற பிள்ளை ஆள் பார்த்துத்தான் கைவைக்கிறான். திருப்பி அடிக்கத் தெம்புள்ள பையன் என்றால் அவன் கிட்டேயே வந்திருக்க மாட்டான். அப்பா சொன்னபடி அடிக்க முடியாமல் போனால் உங்கள் மகனுக்கு வலியோடு வெட்கமும் சேரும். அடித்துவிட்டாலோ, டீச்சர் கண்ணில் படுவது அந்த இரண்டாவது அடிதான்.

வாயைப் பழக்குங்கள். நிமிர்ந்து நின்று, அவன் முகத்தைப் பார்த்து, வகுப்பே திரும்பிப் பார்க்கிற குரலில், "தள்ளாதே! எனக்குப் பிடிக்கலை!" சொல்லிவிட்டு நேரே டீச்சரிடம் போக வேண்டும். வெறும் அறிவுரையாகச் சொன்னால் ஏறாது. சாயங்காலம் அப்பா தள்ளுகிறவனாக நடிக்கட்டும், மகன் சொல்லிப் பழகட்டும். முதலில் முனகல்தான் வரும்; போகப்போகக் குரல் எழும். அதன்பிறகும் அந்தப் பையன் தள்ளினால் உங்கள் மகன் தோற்றுவிட்டான் என்று அர்த்தமில்லை. ஏழு வயதுப் பிள்ளையால் முடிந்ததை அவன் செய்துவிட்டான். மீதி, பெரியவர்கள் வேலை.

கே: பிள்ளைகள் என்றால் சண்டை போடத்தான் செய்வார்கள். இதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ப: சண்டையைப் பெரிதுபடுத்த வேண்டாம் ஐயா. காலையில் காய் விட்டு மதியம் பழம் விட்டால் அது சண்டை. ஒருவனை வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, அவனால் எதிர்க்க முடியாது என்று தெரிந்து வதைத்தால் அது கொடுமை. இந்த மூன்று அடையாளங்களை வகுத்துக் கொடுத்தவர் நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ். 1982-இன் இறுதியில் அந்நாட்டின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கலாம் என்ற செய்தி நாட்டை உலுக்கியது. 1983-இல் அரசு எல்லாப் பள்ளிகளுக்குமாக ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. மூன்று உயிர் போன பிறகு வந்த விழிப்பு அது. நாம் அதற்கு முன்பே பெரிதுபடுத்துவோம்.

கே: பேத்தியைச் செல்லமாக "குண்டம்மா" என்று கூப்பிடுகிறேன். மருமகள் முகத்தைச் சுளிக்கிறாள்.
– ஒரு பாட்டி, காரைக்குடி

ப: மருமகள் பக்கம்தான் நியாயம் அம்மா. உங்கள் வீட்டில் செல்லமாக ஒலிப்பதைத்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு எடுத்துப் போகிறான்.

கே: யு.கே.ஜி. படிக்கும் என் மகளை யாரும் அடிப்பதில்லை. ஆனால் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதே இல்லை. இதையும் டீச்சரிடம் சொல்ல வேண்டுமா?
– ஒரு தகப்பன், ஈரோடு

ப: அவசியம் சொல்லுங்கள். "உன்னைச் சேர்த்துக்க மாட்டோம்" என்பது அடிக்குச் சமம். தழும்பு தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த பள்ளியில் மழலையர் வகுப்பு நடத்தியவர் விவியன் பேலி. யாரைச் சேர்ப்பது, யாரை ஒதுக்குவது என்று முடிவு செய்யும் அதிகாரம் ஐந்து வயதிலேயே சில பிள்ளைகள் கைக்குப் போய்விடுவதை அவர் கவனித்தார். தினமும் ஒதுக்கப்படுவதும் அநேகமாகக் குறிப்பிட்ட சில பிள்ளைகள்தான். அவர் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை, சட்டமே போட்டார்: விளையாட வருகிற யாரையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. போடுவதற்கு முன் தன் வகுப்புப் பிள்ளைகளிடமும் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடமும் அது நியாயமா, நடக்குமா என்று பேசினார். அந்த அனுபவத்தை 1992-இல் புத்தகமாகவும் எழுதினார். எனக்கு இதில் பிடித்தது, ஒதுக்கப்பட்ட குழந்தையிடம் "நீ நல்லாப் பழகு" என்று அவர் சொல்லவில்லை. வகுப்பின் வழக்கத்தை மாற்றினார்.

உங்கள் மகளின் டீச்சரிடம் இந்த யோசனையைச் சொல்லிப் பாருங்கள். கூடவே, ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளை ஒருத்தியை வீட்டுக்கு விளையாடக் கூப்பிடுங்கள். வகுப்பு முழுவதும் வேண்டாம், ஒரே ஒரு சிநேகிதி கிடைத்தால் போதும், திங்கட்கிழமை அவளுக்குப் பயமாக இருக்காது.

கே: என் மகன் அடிப்பதும் இல்லை, அடி வாங்குவதும் இல்லை. அவனுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டுமா?
– ஒரு தாய், சேலம்

ப: அவனுக்குத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். கொடுமை செய்கிறவனுக்குக் கூட்டம் வேண்டும். சுற்றி நின்று சிரிக்கிறவர்கள்தான் அவனுக்குக் கூலி. கனடாவில் டொரன்டோ பள்ளி மைதானங்களில் பிள்ளைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சக பிள்ளைகள் குறுக்கிட்ட சந்தர்ப்பங்களில் 57 சதவீதம், பத்தே வினாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. டீச்சர் மைதானத்தைக் கடந்து வருவதற்குள்! பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி குழுவினர் உருவாக்கிய 'கிவா' திட்டமும் இந்த வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத்தான் குறிவைக்கிறது.

குறுக்கிடுவது என்றால் பாய்ந்து சண்டை போடுவதில்லை. மூன்று விஷயம் பழக்குங்கள். சிரிக்காதே. அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்து "வா, நாம போய் விளையாடலாம்" என்று கூட்டிப் போ. அதற்குப் பயமாக இருந்தால் ஓடிப்போய் டீச்சரைக் கூட்டி வா.

கே: ஓடிப்போய்ச் சொன்னால் "கோள் சொல்லாதே, போய் உட்கார்" என்கிறாரே டீச்சர்?
– ஐந்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

ப: நீ சொன்னது கோள் இல்லை கண்ணம்மா. உன் டீச்சர் கேட்காவிட்டால் அம்மாவிடம் சொல். அம்மாவுக்கு வேலை என்றால் தாத்தாவிடம், வேறொரு டீச்சரிடம். ஒருவர் கேட்கும்வரை சொல்லிக்கொண்டே இரு.

இனி ஆசிரியர்களுக்கு. பென்சில் பிடுங்கிய புகாரோடு வந்த பிள்ளையை இன்று துரத்தினால், வேனிலோ கழிப்பறையிலோ பெரிய ஆபத்து நேரும்போது அது உங்களைத் தேடி வராது. கேட்டால் மட்டும் போதாது. புகார் சொன்ன பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்தி விசாரிக்காதீர்கள். இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். சொன்னவனைப் பாதுகாக்க முடியாத பள்ளிக்கு, "சொல்" என்று போதிக்க உரிமையில்லை.

கே: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஜாதியைப் பற்றிப் பேச வேண்டுமா?
– ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்

ப: உங்கள் மாவட்டத்திலிருந்தே இந்தக் கேள்வி வருவதால் நேராகவே சொல்கிறேன்: பேச வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை, அதே பள்ளியில் படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சக மாணவர்களின் தொந்தரவு தாங்காமல் அவர் பள்ளிக்குப் போகாமல் இருந்தார், பள்ளியிலும் முறையிட்டிருந்தார். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கைகளில் ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று.

அரிவாள் பிளஸ் டூவில் திடீரென்று முளைப்பதில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று ஆறு வயதில் கேட்கும் கேள்வியில் அது தொடங்குகிறது. அந்தக் கேள்வியை உங்கள் வகுப்பில் அனுமதிக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலைத் தொட விடாத பிள்ளையின் பெற்றோரை அன்றே அழைத்துப் பேசுங்கள். பெஞ்சில் யார் பக்கத்தில் யார் என்பதை நீங்களே தீர்மானித்து, வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

கே: என் மகன்தான் மற்ற பிள்ளைகளை அடிப்பதாகப் புகார். நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடுமா?
– ஒரு தகப்பன், ஓசூர்

ப: பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்பதுதான் அவனுக்கு ஏற்கனவே தெரிந்த பாடம். அதை நீங்களும் நடத்த வேண்டாம். ஆசிரியரிடமும் "நீங்களே நாலு போடுங்க" என்று ஒப்படைக்காதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. "ஏன் அடிச்சே?" என்று கேட்டால் பொய்தான் வரும். "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். யாருடைய நோட்டையாவது கிழித்திருந்தால், புது நோட்டு வாங்கி, அவன் கையாலேயே கொடுக்க வையுங்கள். அவனை யார் அடிக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

கே: பிள்ளை வாயே திறக்கவில்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு தாய், சென்னை

ப: பள்ளி நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி. அடிக்கடி தொலையும் ரப்பர், பென்சில். டிபன் காலியாகத்தான் வருகிறது, பிள்ளையோ பசியில் துடிக்கிறது. கழிப்பறைக்குப் போகப் பயந்து அடக்கிக்கொண்டே வீடு வருவது. "யாராவது அடிச்சாங்களா?" என்று போலீஸ்காரர் மாதிரி கேட்காமல், "இன்னைக்குச் சாப்பிடும்போது பக்கத்துல யாரு?" என்று ஆரம்பியுங்கள்.

கே: பள்ளி நிர்வாகம் காதில் வாங்கவே இல்லை. என்ன செய்ய?
– ஒரு பெற்றோர், கடலூர்

ப: வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளியென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098, இரவு பகல் எந்நேரமும், கட்டணம் இல்லாமல். அதற்குக் குழந்தையே நேரடியாகப் பேசலாம். வீட்டு விலாசம் சொல்லித்தரும் வயதிலேயே அந்த நான்கு இலக்கங்களையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.