ட்ரிம் பொத்தானும் திவ்ய தரிசனமும்

நுரைப்பலகை விமானம் ஒன்றை ஆகாயத்திலே பத்து நிமிஷம் சுற்றவிடும் பொருட்டு, தமது ரேடியோ டிரான்ஸ்மிட்டரில் எட்ஜ்டிஎக்ஸ் என்னும் ஃபர்ம்வேரைப் பிரதிஷ்டை செய்ய முற்படும் அன்பர், கிடைமட்ட ட்ரிம் பொத்தான்கள் இரண்டையும் உட்புறமாக அழுத்திப் பிடித்தபடியே பவர் பொத்தானையும் அழுத்த வேண்டியிருப்பதால், சிருஷ்டிகர்த்தா மனிதனுக்கு மூன்றாவது கை அருளாத குறையை அப்போதுதான் ஸ்பஷ்டமாக உணர்கிறார். கம்ப்யூட்டரோ, அப்படியொரு வஸ்து தன்னுடன் இணைந்திருப்பதாகவே அங்கீகரிப்பதில்லை. உடனே ஸாடிக் என்னும் மென்பொருளை வரவழைத்து டிரைவரை மாற்றப்போய், அவசரத்தில் மௌஸின் டிரைவரை மாற்றிவிட்டு, அதுவும் ஸ்தம்பித்து நிற்க, சிப்பையும் சீனதேசத்தையும் சேர்த்துச் சபித்து ஓய்ந்த பிறகே, தாம் செருகியிருந்தது தகவல் கம்பிகளே இல்லாத, சார்ஜ் ஏற்ற மட்டும் பிறவியெடுத்த யுஎஸ்பி கேபிள் என்பது புலனாகிறது.

இந்த வைபவத்தை, பழைய 9எக்ஸ் டிரான்ஸ்மிட்டர் காலத்திலே ஏடிமெகா64 சிப்புக்கு ஆறு ஒயர்களைச் சால்டர் செய்து, 64 கிலோபைட்டுக்குள் சகலத்தையும் அடக்கிய பெரியவர்கள் பரம சாந்தத்துடன் வேடிக்கை பார்ப்பார்கள். "மாடல் செட்டிங்கையெல்லாம் பேக்கப் எடுத்து வைத்தாயா, தம்பி?" என்ற கேள்வியை, எல்லாம் அழிந்த பிற்பாடுதான் கேட்பது என்பது அவர்களுடைய சம்பிரதாயம்.